திரைப் பகிர்வுக் கூட்டம் தடுமாறுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திரையைப் பகிர்ந்து வேலை பார்க்கும் கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் முதலில் திட்டு வாங்குவது நெட். சில நேரம் அது நியாயம்தான். ஆனால் நான் கவனித்த வரையில் பெரும்பாலான கூட்டங்கள் சிக்கிக்கொள்வது வேறு இடத்தில். தன் கண் முன்னால் இருப்பதுதான் எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது என்று பகிர்பவர் நம்பிவிடுகிறார். பார்ப்பவர்களோ, தங்களுக்குத் தெரியவில்லை என்று குறுக்கிட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கீழே உள்ளவை எல்லாம் அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்கள் கூட்டத்தில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற கோளாறுகள் பலவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை அதில்தான் இருக்கிறது.

“தெரியுதா?” “தெரியுது.” ஆனால் தெரிவது வேறு ஏதோ

“ஸ்கிரீன் தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்றுதான் பதில் வரும். ஏதோ ஒன்று தெரிகிறதே, அதனால் அந்தப் பதிலில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஏதோ ஒன்று நீங்கள் பேசப்போகும் கோப்பா, பக்கத்து மானிட்டரா, போன வாரப் பதிப்பா, உறைந்துபோன பழைய படமா என்பது இந்தக் கேள்வியால் தெரியவராது.

கேள்வியை மாற்றுங்கள். “இப்போ உங்க பக்கம் என்ன தெரியுது? மேல என்ன தலைப்பு இருக்கு?” என்று கேளுங்கள். ஒருவர் வாய்விட்டு “மார்ச் மாதக் கணக்கு, இரண்டாவது ஷீட்” என்று படித்துச் சொல்லட்டும். பத்து விநாடி வேலை. உங்கள் திரையில் ஏப்ரல் இருந்தால் கோளாறு அப்போதே பிடிபட்டுவிடும்.

பொருந்தவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. முழுத் திரையைப் பகிர்கிறீர்களா, ஒரு விண்டோவை மட்டுமா, உலாவியின் ஒரு டேபை மட்டுமா? டேபை மட்டும் பகிர்ந்துவிட்டு நீங்கள் வேறு டேபுக்குத் தாவினால், அவர்கள் பழைய டேபிலேயே நிற்பார்கள்.
2. இரண்டு மானிட்டர் இருந்தால் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பகிரப்படும் திரையைச் சுற்றிப் பல செயலிகள் ஒரு வண்ணச் சட்டம் போடும். அந்தச் சட்டம் எந்த மானிட்டரில் இருக்கிறது என்று பாருங்கள்.
3. பகிர்ந்த விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டீர்களா? செய்திருந்தால் பகிர்வு இடைநிற்கும், அல்லது கடைசியாகப் போன படம் அப்படியே நிற்கும்.
4. எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லையா? அவரை வெளியேறி மீண்டும் உள்ளே வரச் சொல்லுங்கள். எல்லோருக்குமே தெரியவில்லை என்றால் நீங்கள் பகிர்வை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

முக்கியமான கூட்டமாக இருந்தால் நான் இன்னொன்றும் செய்வேன்: அதே கூட்டத்தில் செல்பேசியிலிருந்தும் சேர்ந்துகொள்வேன், ஒலியை இணைக்காமல். மற்றவர்கள் பார்ப்பது மேசை மேலேயே தெரிந்துகொண்டிருக்கும். யாரிடமும் எதுவும் கேட்கவே தேவையில்லை.

வெறும் கறுப்புத் திரை, அல்லது வால்பேப்பர் மட்டும் தெரிகிறது

மேக்கில் வால்பேப்பர் மட்டும் தெரிந்து விண்டோ எதுவும் தெரியவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, திரையைப் பதிவுசெய்ய ஒவ்வொரு செயலிக்கும் தனியாக அனுமதி தர வேண்டும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், திரைப் பதிவு என்ற வரியில் உங்கள் கூட்டச் செயலியை இயக்குங்கள். இயக்கியதும் செயலியை மூடித் திறந்தால்தான் அனுமதி பலிக்கும். அதனால் இதைக் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எல்லோரும் காத்திருக்க நீங்கள் வெளியே போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

லினக்ஸில் வேலேண்ட் என்ற திரைக்காட்சி அமைப்பு ஓடினால், ஒரு செயலி மற்ற விண்டோக்களைத் தானாக எட்டிப் பார்க்க முடியாது. திரைப் படத்தை அனுமதி கேட்டு எடுத்துத் தரும் பைப்வயர், டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற துணை மென்பொருள்கள் இருந்து, செயலியும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்ததாக இருந்தால்தான் படம் போகும். அவசரத்துக்கு, உலாவி வழியாகக் கூட்டத்தில் சேர்ந்து பகிர்ந்து பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சில்லு இருந்து ஒரு குறிப்பிட்ட விண்டோ மட்டும் கறுப்பாகப் போனால், முழுத் திரையைப் பகிர்ந்து பாருங்கள். உலாவி விண்டோதான் கறுப்பு என்றால் அதன் அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு மீண்டும் திறங்கள்.

சந்தா கட்டிப் பார்க்கும் படத் தளங்களின் காணொளியும், செல்பேசியில் வங்கிச் செயலிகளும் கறுப்பாகத்தான் போகும். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. அதைச் சரிசெய்ய நேரம் செலவிடாதீர்கள்.

“நீங்க சொல்ற பாக்ஸ் இங்க வரலையே”

ஒரு விண்டோவை மட்டும் பகிரும்போது, அதிலிருந்து திறக்கும் மெனு, கோப்பைச் சேமிக்கும் பெட்டி, எச்சரிக்கைப் பெட்டி ஆகியவை கணினியின் கணக்கில் தனி விண்டோக்கள். அதனால் அவை எதிர்ப்பக்கம் போகாமல் போகலாம். நீங்கள் “இதுல ரெண்டாவது ஆப்ஷனைக் கிளிக் பண்றேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் அசையாத ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுவதாக இருந்தால் முழுத் திரையைப் பகிருங்கள். ஆவணத்தைப் படித்துப் பேசுவதாக இருந்தால் விண்டோ போதும், அதுதான் பாதுகாப்பும்கூட.

விண்டோஸில் நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது முழுத் திரைப் பகிர்வும் உறையும் அல்லது கறுப்பாகும். அந்தப் பெட்டி தனிப் பாதுகாப்புத் திரையில் வருவதுதான் காரணம். தொலைவிலிருந்து அதில் கிளிக் செய்யவும் முடியாது. அந்த இடம் வரும் முன்பே “இப்போ உங்க பக்கம் ஒரு பெர்மிஷன் கேக்கும், ‘ஆம்’ கொடுங்க. எனக்கு அது தெரியாது, கொடுத்ததும் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது

பகிர்பவரிடம் 3840×2160 அளவுள்ள பெரிய மானிட்டர். பார்ப்பவரிடம் 1366×768 லேப்டாப். முழுத் திரையைப் பகிர்ந்தால் அகலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், அதில் இருக்கும் எழுத்தும் சுருங்கும். போதாததற்குப் பக்கவாட்டில் எல்லோர் முகமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்பேசியில் பார்ப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

பகிர்பவர் செய்ய வேண்டியது: கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்திச் செயலிக்குள்ளேயே பெரிதாக்குங்கள். உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகப் பெரிதாகத் தெரியும் அளவுதான் அவர்களுக்குச் சரியான அளவு. விண்டோஸின் உருப்பெருக்கிக் கருவியை நம்ப வேண்டாம், அது பெரிதாக்கிக் காட்டுவது பகிர்வில் போகாமல் இருக்கலாம். அகல மானிட்டர் வைத்திருப்பவர்கள் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதி தங்கள் செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பவர் செய்யக்கூடியது: முகங்களின் பட்டியை மறைத்து, பகிர்ந்த திரையை முழுத் திரையாக்கிக்கொள்ளலாம். அப்படியும் தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். “கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள் கேட்டால் அதே சிரமத்தில் இருக்கும் இன்னும் நான்கு பேருக்கும் உதவி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பகிரப்படும் திரை எதிர்ப்பக்கம் வெறும் காணொளியாகத்தான் போகிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதிலிருந்து ஒரு எழுத்தையும் படிக்க முடியாது. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், கோப்பை முன்கூட்டியே அனுப்புவது அவருக்குச் செய்யும் சலுகையல்ல, கூட்டத்தில் அவருக்கு உள்ள இடம். மற்றவர்களுக்கும் கோப்பு கையில் இருந்தால் எழுத்தளவுப் பிரச்சினையே எழாது.

“இங்க பாருங்க”, “இதை அங்க போடுங்க”: யாருக்கும் புரியவில்லை

எனக்குத் தெரிந்து அதிக நேரத்தைத் தின்பது இந்தக் கோளாறுதான், ஆனால் இதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் விரல் காட்டுகிறோம், “இது” என்றால் போதும். தொலைவில் விரல் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்படித்தான் நடக்கும்:

“இது ஏன் இப்படி வருது சார்?”

“எதும்மா?”

“இதுதான் சார், கீழ இருக்கே.”

“மொத்தமா?”

“இல்ல சார், அதுக்கு மேல.”

“வரியா?”

“இல்ல, அதுக்குப் பக்கத்துல...”

ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க ஏழு வாக்கியம். அந்தப் பெண் குழப்பமாகப் பேசுகிறார் என்று சாருக்குத் தோன்றும், சார் கவனிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றும். “எஃப் 14 ஏன் மைனஸ்ல வருது சார்?” என்று கேட்டிருந்தால் முதல் வாக்கியத்திலேயே இருவரும் ஒரே இடத்தில் நின்றிருப்பார்கள்.

ஆகவே விரலுக்குப் பதிலாக முகவரி. ஸ்ப்ரெட்ஷீட் என்றால் கட்டத்தின் எழுத்தும் எண்ணும். நிரல் என்றால் கோப்பின் பெயரும் வரி எண்ணும். வரி எண்கள் மறைந்திருந்தால் முதலில் தெரியச் செய்யுங்கள். ஆவணம் என்றால் பக்க எண், பத்தியின் முதல் இரண்டு சொற்கள். வடிவமைப்பு வரைவு என்றால் ஒவ்வொரு திரைக்கும் கூட்டத்துக்கு முன்பே ஒரு எண் போட்டுவிடுங்கள். எண் இல்லாத படத்தைப் பற்றி எட்டுப் பேர் பேசுவது பெரும்பாடு.

நிறத்தைச் சொல்லிக் காட்டுவதையும் தவிருங்கள். “அந்தச் சிவப்பு வரி” என்றால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் ஒருவர் கூட்டத்தில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருக்கக்கூடும். “சிவப்பா இருக்கற மூணாவது வரி” என்றால் எல்லோருக்கும் ஆயிற்று.

மவுஸ் சுட்டியால் காட்டுபவர்களுக்கு: சுட்டியைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், விண்டோஸிலும் மேக்கிலும் அணுகல் வசதிகளில் அதற்கு இடம் உண்டு. சுட்டியை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள், நிறுத்திய பிறகு பேசுங்கள். வட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கம் அது தாவித்தாவித்தான் தெரியும், எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்பது பிடிபடாது. பார்ப்பவர்கள் திரையில் கோடு போட்டுக் காட்டும் குறிப்பு வசதி உங்கள் செயலியில் இருந்தால் அது அருமையான விஷயம். ஆனால் பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் பல செயலிகளில் கோடு அங்கேயே நிற்கும், எழுத்து மட்டும் நகரும். குறித்துக் காட்டியதும் அழித்துவிடுங்கள்.

குரல் முன்னால் போகிறது, படம் பின்னால் வருகிறது

குரலுக்கு மிகக் குறைந்த இடமே போதும். கூட்டச் செயலிகளில் பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற ஒலிச் சுருக்கமுறை விநாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்தே வேலை செய்யும். திரை அப்படியல்ல. பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ முழுப் படத்தையும் புதிதாக அனுப்ப வேண்டியிருக்கிறது. நெட் தடுமாறும்போது எழுத்தின் தெளிவைக் காப்பாற்றுவதற்காக, செயலி விநாடிக்கு அனுப்பும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அதனால் நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் பக்கம் அங்கே மாறும்.

வேகமாக ஸ்க்ரோல் செய்வதுதான் இதில் பெரிய எதிரி. பத்துப் பக்கம் கடகடவென்று உருட்டினால் அங்கே மங்கலான கலங்கல்தான் தெரியும். பேஜ் டவுன் விசையால் ஒவ்வொரு பக்கமாகத் தாவுங்கள், அல்லது தேடலில் போய் நேராக அந்த இடத்தில் இறங்குங்கள். இறங்கியதும் ஒரு மூச்சு விடும் நேரம் நில்லுங்கள். “இப்போ 22ஆம் பக்கத்துல இருக்கேன்” என்று சொல்லுங்கள். யாராவது “வந்துடுச்சு” என்றதும் தொடருங்கள்.

காணொளியைத் திரையில் ஓட்டிக் காட்டினால் வெட்டிவெட்டி வருகிறதா? சூமில் காணொளிக்கு ஏற்றபடி பகிரும் தேர்வு ஒன்று உண்டு, அதை இயக்கினால் அசைவு சீராகும், எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறையும். காணொளி முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் காணொளியைப் பகிரவே வேண்டாம். இணைப்பை அனுப்பி, எல்லோரும் அவரவர் இடத்தில் பார்த்துவிட்டு வரட்டும்.

கேமராக்களை அணைப்பது, கேபிள் வழியாக நெட் இணைப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த தீர்வுகள், அவையும் உதவும்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பிறகு இருவரும் நிறுத்துகிறார்கள்

“நீங்க சொல்லுங்க.” “இல்ல, நீங்க சொல்லுங்க.” மறுபடி இருவரும் சேர்ந்து தொடங்குவார்கள்.

இதில் யார் மீதும் தவறில்லை. நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 200 மில்லிவிநாடி போல்தான் இடைவெளி இருக்கும். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. தொலைவழிப் பேச்சில் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த வரம்புக்குள் இருந்தாலும்கூட, போய்வரும் நேரத்தைச் சேர்த்தால் பேச்சின் இயல்பான இடைவெளியை அது விழுங்கிவிடும். நீங்கள் காத்திருந்து, யாரும் பேசவில்லை என்று தொடங்கும் அந்த நொடியில் அவர் ஏற்கெனவே தொடங்கியிருப்பார். அவர் குரல் உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

தாமதத்தைக் குறைக்க நம்மால் ஓரளவுதான் முடியும். முறையை மாற்ற முழுவதுமாக முடியும். மூன்று பேருக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கேள்வியை வீசாதீர்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயரைக் கேள்வியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். பேசி முடித்தவர் “அவ்வளவுதான்” என்றோ “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஒருவரைக் குறிப்பிட்டோ முடிக்கட்டும். கை உயர்த்தும் பொத்தான் இருந்தால் பயன்படுத்துங்கள். திரையைப் பகிர்பவருக்கு அந்தக் கை பெரும்பாலும் தெரியாது என்பதால், அதைக் கவனிக்க வேறொருவர் இருக்க வேண்டும்.

யாருமே பேசவில்லை

இதன் மறுபக்கம். பத்து நிமிடம் விளக்கிவிட்டு “ஏதாவது சந்தேகம்?” என்றால் அமைதி. எல்லோரும் மியூட்டில். நேரில் இருந்தால் “ம்” கொட்டுவார்கள், தலையாட்டுவார்கள், புருவத்தைச் சுருக்குவார்கள். அதையெல்லாம் பார்த்துத்தான் நாம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். இங்கே அது ஒன்றும் வருவதில்லை என்பதால் பகிர்பவர் மேலும் மேலும் வேகமாகப் பேசிக்கொண்டே போகிறார்.

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுச் சூழல் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது, திரையைப் பகிர்பவரால் முகங்களைப் பார்க்கவும் முடியாது. வேறு வழிகள் இருக்கின்றன.

சிறிய குழுவானால், சுற்றுச் சத்தம் இல்லாதவர்கள் மைக்கைத் திறந்தே வைத்திருக்கட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கும் கூட்டத்தில் “எல்லாரும் மியூட் பண்ணிக்கோங்க” என்பது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது. சத்தமான இடத்தில் இருப்பவர், சூமில் ஸ்பேஸ் பாரையும் விண்டோஸில் ஓடும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் கன்ட்ரோலுடன் ஸ்பேஸ் பாரையும் அழுத்திப் பிடித்தால் அந்த நேரம் மட்டும் மைக் திறக்கும். “சரி” என்று ஒரு சொல் சொல்ல அது போதும்.

கேள்வியையும் மாற்றுங்கள். “சந்தேகம் இருக்கா?” என்பதற்குப் பதிலாக, “இந்த மூணு படியில எது உங்களுக்குச் சிக்கலா இருக்கும்னு தோணுது?” என்று கேளுங்கள். கேட்டபின் பொறுங்கள். மியூட் பொத்தானைத் தேடிப் பிடித்து, யோசித்து, வாய் திறக்க நேரம் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூன்றுக்குள் நாமே பேசத் தொடங்கிவிட்டால், பேச வந்தவர் மறுபடி மியூட்டுக்குப் போய்விடுவார்.

சாட்டில் எழுதியதைப் பகிர்பவர் பார்க்கவே இல்லை

ஒரே மானிட்டரில் முழுத் திரையைப் பகிர்பவருக்கு சாட் மறைந்துதான் போகும். “சாட்ல போட்டிருக்கேனே” என்று கோபப்படுவதில் பயனில்லை. தொடக்கத்திலேயே ஒருவரை நியமித்துவிடுங்கள்: சாட்டையும் உயர்த்திய கைகளையும் அவர் பார்த்து, பேச்சில் இடைவெளி வரும்போது வாய்விட்டுச் சொல்வார். “திரை உறைஞ்சிடுச்சு” போன்ற அவசரச் செய்திகளை சாட்டில் போட வேண்டாம். மைக்கைத் திறந்து சொல்லிவிடுங்கள், குறுக்கிட்டாலும் பரவாயில்லை.

எதிரொலி, ஊளை, ஒலி போகாமை

ஒரே அறையில் இரண்டு கருவிகள் மைக்கும் ஸ்பீக்கருமாகச் சேர்ந்திருந்தால் ஊளையிடும். ஒன்றை விட்டு மற்றவற்றில் ஒலியைத் துண்டியுங்கள். தன் குரல் தனக்கே திரும்பி வருகிறது என்று ஒருவர் சொன்னால் கோளாறு அவரிடம் இல்லை. வேறு யாருடைய ஸ்பீக்கரிலிருந்தோ அவர் குரல் அந்த ஆளின் மைக்குக்குள் போகிறது. ஒவ்வொருவராக மியூட் செய்து பார்த்தால் ஆள் அகப்படுவார்.

புளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கியதும் ஒலித் தரம் குறைவது அதன் இயல்பு. லேப்டாப் மைக்கையே தேர்ந்தெடுத்துக்கொண்டு ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பகிரும் காணொளியின் ஒலி போகவில்லை என்றால், பகிரத் தொடங்கும் பெட்டியில் கணினி ஒலியையும் சேர்க்கும் தேர்வைக் குறிக்க மறந்திருப்பீர்கள்.

மவுஸை இரண்டு பேர் இழுக்கிறார்கள்

இது திரைப் பகிர்வு அளவுக்கே பழைய பிரச்சினை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில், கணினி மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய செயல்விளக்கத்தில், மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியர் பில் பாக்ஸ்டனோடு ஒரே திரையைப் பகிர்ந்து வேலை செய்து காட்டினார். அன்றே அந்தத் திரையில் இரண்டு சுட்டிகள் ஓடின. ஆனால் எழுதுவதும் மாற்றுவதும் யார் கையில் என்பதை அவர்கள் முதலிலேயே வகுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று ரிமோட் கண்ட்ரோல் கொடுக்கும் நம்மில் பலர் அதைச் செய்வதில்லை.

கட்டுப்பாட்டைக் கொடுக்கும்போது “இப்போ உங்ககிட்ட கொடுக்கறேன், நான் கையெடுத்துட்டேன்” என்று வாயால் சொல்லுங்கள். வாங்கியவர் “எடுத்துக்கிட்டேன்” என்று சொல்லட்டும். வாங்கியவர் என்ன செய்கிறார் என்பதைச் செய்வதற்கு முன்பே சொல்ல வேண்டும், குறிப்பாக எதையாவது அழிக்கும் முன், சேமிக்கும் முன், அனுப்பும் முன். அடுத்தவர் கணினியில் சத்தமில்லாமல் நான்கு கிளிக் செய்வது அவரை ஓரமாகத் தள்ளி நிறுத்துவதற்குச் சமம். அவர் கற்றுக்கொள்ளவும் மாட்டார், அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

கற்றுத்தருவதுதான் நோக்கம் என்றால் கட்டுப்பாட்டை வாங்கவே வேண்டாம். கை அவருடையது, வழி உங்களுடையது. “மேல இடது மூலையில ‘ஃபைல்’ இருக்கா? அதைத் திறங்க. திறந்ததும் என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க.” ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். மூன்று படிகளை ஒரே மூச்சில் சொன்னால் அவர் முதல் படியில் இருக்கும்போது நீங்கள் மூன்றாவதில் நிற்பீர்கள்.

இரண்டு பேருமே எழுத வேண்டிய வேலை என்றால் திரைப் பகிர்வே தவறான கருவி. கோப்பையே பகிர்ந்து, கூகுள் டாக்ஸ் போன்ற இடத்தில் அவரவர் சுட்டியோடு சேர்ந்து எழுதுங்கள்.

அறையில் சிலர், வெளியில் சிலர்

அறையில் இருப்பவர்கள் சுவரில் விழும் படத்தை லேசர் விளக்கால் காட்டுவார்கள். அந்தச் சிவப்புப் புள்ளி பகிர்வில் போகாது. வெளியில் இருப்பவர் கேட்பது சிரிப்புச் சத்தமும் “ஆமா, அதான்” என்பதும் மட்டுமே.

லேசரை உள்ளே வைத்துவிட்டு மவுஸ் சுட்டியால் மட்டும் காட்டுங்கள். அறையில் இருப்பவர்களும் தங்கள் லேப்டாப்பில் ஒலி இல்லாமல் கூட்டத்தில் சேர்ந்துகொண்டால் சாட்டும் கை உயர்த்தலும் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் வெளியில் இருப்பவரை முதலில் பேசவிடுங்கள். அறைக்குள் பேச்சு சூடுபிடித்துவிட்டால் தொலைவில் இருப்பவரால் இடையில் நுழையவே முடியாது.

தனிப்பட்ட செய்தி எல்லோர் முன்னாலும் எட்டிப் பார்க்கிறது

வந்துவிட்டால் செய்யக்கூடியது ஒன்றே: பகிர்வை உடனே நிறுத்துங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். பார்த்தவர்களும் அதைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் நாகரிகம்.

வராமலிருக்க, பகிரும் முன் தொந்தரவு செய்யாதே என்ற நிலையை இயக்குங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் உண்டு. வேலைக்கென்று உலாவியில் தனி சுயவிவரம் வைத்துக்கொண்டால், முகவரிப் பட்டையில் ஒரு எழுத்தைத் தட்டியதும் சொந்தத் தேடல்கள் கீழே வரிசையாக வந்து நிற்காது. பாஸ்வேர்டோ வாடிக்கையாளர் விவரமோ திறக்க வேண்டியிருந்தால் “ஒரு நிமிஷம் ஷேரை நிறுத்தறேன்” என்று சொல்லிவிட்டுத் திறங்கள். கூட்டம் பதிவாகிக்கொண்டிருந்தால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். ஒரு கணம் தெரிந்தாலும் அது பதிவில் இருக்கும்.

“நேத்து பேசினோமே, என்ன முடிவாச்சு?”

எல்லோரும் ஒரே திரையைத்தான் பார்த்தார்கள், ஆனால் மறுநாள் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். பதிவு இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரப் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவுகளைத் தட்டச்சு செய்யுங்கள். யார், எதை, எந்தக் கோப்பில், எந்தத் தேதிக்குள். எழுதுவது கண் முன்னால் நடப்பதால் “நான் அப்படிச் சொல்லலையே” என்பது அங்கேயே வெளியே வந்து அங்கேயே திருத்தப்படும். எழுத்து வேகம் குறைவானவர் பகிர்ந்துகொண்டிருந்தால் பகிர்வை வேறொருவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தைக் கூட்டம் கலையும் முன்பே சாட்டில் ஒட்டிவிடுங்கள். வெளியேறிய பிறகு சாட்டைத் திறக்க முடியாத செயலிகளும் இருப்பதால் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.